டிராக்டர் எஞ்சினைக் கழுவப் போகிறீர்களா?



ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் நம் ஊர்களில் டிராக்டர்களுக்கெல்லாம் குளியல் நடக்கும். மோட்டார் கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, பம்ப்செட் தண்ணீரைக் குழாய் வைத்து எஞ்சின் மேலேயே பீய்ச்சி அடிப்பார்கள். அழுக்கெல்லாம் ஓடிப் போகும். சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை எல்லாம் ஆகும். மறுநாள் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம், அதோடு சரி. “நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, பூஜை போட்ட மறுநாளே இப்படிப் பண்ணுதே” என்று மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும். பூஜையில் குறை ஒன்றுமில்லை. தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குத் தண்ணீர் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கழுவாமலே விட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். அதுவும் சரியில்லை. எஞ்சினுக்குள் எரிகிற டீசலின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவுக்கும் இழுவைக்கும் ஆகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மிச்சத்தில் பெரும் பகுதியை ரேடியேட்டர்தான் வாங்கி வெளிக்காற்றில் விட வேண்டும். அந்த ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே பதரும் சுணையும் வைக்கோல் துணுக்கும் போய் அடைத்துக்கொண்டால் காற்று எப்படி உள்ளே போகும்? சித்திரை வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு களை எடுக்கச் சொன்ன மாதிரிதான். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும். அதைப் பார்க்காமல் இன்னும் இரண்டு சுற்று ஓட்டிவிட்டால் ஹெட் கேஸ்கெட் போய்விடும், ஹெட்டே வளைந்தாலும் வளையும். அறுவடை நேரத்தில் வண்டி பட்டறையில் நின்றால் என்ன நஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் நெருப்பு. ஆயில் கசிந்த இடத்தில் காய்ந்த வைக்கோல் தூசு ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே சைலன்சர் குழாய் கொதிக்கிறது. கதிரடிக்கும் களத்தில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில், இதைவிட வேறென்ன வேண்டும் தீப்பிடிக்க?

ஆகவே எஞ்சினைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதில் முக்கால் பங்கு வேலை தண்ணீர் இல்லாமல் நடக்கிற வேலை. தண்ணீர் கடைசியில்தான், அதுவும் கொஞ்சமாக.

ஆற விடுங்கள்

உழுதுவிட்டு வந்த சூட்டோடு சூடாகத் தண்ணீர் அடிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கெடுதல். சூடாயிருக்கிற வார்ப்பு இரும்பின் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. டீசல் பம்ப்போ அதைவிட நுட்பமான சாமான். அதற்குள் ஒரு சின்ன உருளையும், அது ஓடுகிற கூடும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பம்ப் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வெளிக்கூடு சுருங்கும். உள்ளே இருக்கிற உருளை சூட்டிலேயே இருக்கும். இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு பம்ப்பைக் கழற்றி டவுனுக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். “ஓடுற வண்டியிலே தண்ணி அடிச்சா உடனே காய்ஞ்சிடும்” என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரமாவது போகட்டும். புறங்கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பு செய்தால் இந்தக் கவலையே இல்லை. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணீர் கொதித்து முகத்தில் அடிக்கும்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கலப்பையைத் தரையில் இறக்கிவிடுங்கள். சாவியை எடுத்து உங்கள் இடுப்பிலேயே செருகிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகத் திருப்பிவிடுவார்கள். கழுத்துத் துண்டைக் கழற்றி வையுங்கள். கையில் மோதிரம், காப்பு, இரும்பு ஸ்ட்ராப் கடிகாரம் இருந்தால் அதையும் கழற்றுங்கள். பேட்டரி முனையில் அவை பட்டால் நொடியில் பழுத்துச் சதையைப் பொசுக்கிவிடும்.

பானெட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?

இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். உழவில்லாத மாதங்களில் கொட்டகையில் நிற்கிற வண்டியில் எலி கூடு கட்டும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். பானெட்டைத் திறப்பதற்கு முன் நாலு தட்டுத் தட்டுங்கள். திறந்ததும் கையை விடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரிக்கு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டிப் பக்கமும் மறைவிடம் அதிகம்.

எலிக் கூடு இருந்தால் அதை அப்படியே காய்ந்தபடி துடைப்பத்தால் தட்டக் கூடாது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கையில் சின்னக் கீறல் இருந்தால்கூட அதன் வழியாகக் கிருமி உடம்புக்குள் போகும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து நனைத்து, அள்ளிப் புதையுங்கள். எலி கடித்த வயரைக் கண்டால் இந்த நேரத்திலேயே குறித்து வையுங்கள். செம்பு வெளியே தெரிகிற வயர் மேல் தண்ணீர் பட்டால் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியுமே.

பிறகு பேட்டரி. எந்த வயர் டிராக்டர் உடம்பில் முடுக்கப்பட்டிருக்கிறதோ, அதை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். ஏன் இந்த முறை? மற்ற வயரை முதலில் கழற்றினால், கையிலிருக்கும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டதும் பெரிய பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து எரிகிற வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி ஆகாது.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரை வாளி தண்ணீர் எல்லாம் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்பசோடாவைக் கரைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். அந்தத் தண்ணீர் மூடி வழியாகப் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. துடைத்துக் காய்ந்ததும் வயரை மாட்டி இறுக்கிய பின் மேலாக வாஸ்லின் தடவுங்கள். காலையில் வண்டி சிணுங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பூப்புதான் என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

முதலில் காய்ந்த சுத்தம்

இப்போது அரை அங்குல பெயிண்ட் பிரஷ் ஒன்று, பெரிய பிரஷ் ஒன்று, பனியன் வேஸ்ட், மரக்குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நெல் சுணை மூச்சில் போனால் இரண்டு நாளைக்கு இருமல் விடாது. கண்ணுக்குக் கண்ணாடி இருந்தால் நல்லது.

மேலேயிருந்து கீழே வாருங்கள். சைலன்சரைச் சுற்றியும், டைனமோவுக்குப் பின்னாலும், எஞ்சின் பக்கவாட்டுப் பள்ளங்களிலும் சேர்ந்த பதரையும் தூசையும் பிரஷால் தள்ளி விழ வையுங்கள். ஆயிலோடு சேர்ந்து களிம்பாகிப் போனதை மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். வயரையும் ரப்பர் ஹோஸையும் அது கிழித்துவிடும்.

ரேடியேட்டருக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிப் பலன் கிடைத்துவிட்டது. டிராக்டரில் ஃபேன் முன்பக்கக் காற்றை இழுத்துப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே குப்பை முன்பக்கத்தில் அடைகிறது. முன்னால் நின்று காற்றோ தண்ணீரோ அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய்த்தான் செருகும். எஞ்சின் பக்கம் நின்று, முன்பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். டயர் கடைக் காற்று இருந்தால் 30 பவுண்டுக்கு மேல் வைக்காமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நேராக அடியுங்கள். சாய்த்து அடித்தால் தகடுகள் மடங்கும். மடங்கிய தகடு அடைத்த தகடுதான். சேற்று உழவில் தெறித்துக் காய்ந்த மண் என்றால் வலைக்கும் தகட்டுக்கும் ஈரத்துணி போட்டு ஊற விட்டு, பிறகு மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். முன்னால் கழற்றுகிற மாதிரி வலை இருந்தால் அதைக் கழற்றித் தனியாகக் கழுவலாம்.

ஏர் ஃபில்டரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காகித ஃபில்டரை டீசலிலோ தண்ணீரிலோ நனைக்காதீர்கள். உள்ளங்கையில் லேசாகத் தட்டி, அதே குறைந்த காற்றை உள்ளிருந்து வெளியே அடித்தால் போதும். அதற்குள் இன்னொரு சின்ன ஃபில்டர் இருந்தால் அதைச் சுத்தம் செய்யும் வேலையே வேண்டாம், கெட்டால் மாற்ற வேண்டியதுதான். பழைய வண்டிகளில் ஆயில் கிண்ணம் உள்ள ஃபில்டர் இருக்கும். அதில் அடியில் சேறு படிந்தால் ஆயிலை மாற்றி, கோடு வரைக்கும் மட்டும் ஊற்றுங்கள். “கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே” என்று அதிகமாக ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்துக் கட்டுக்கடங்காமல் ஓடும்.

மூட வேண்டியதை மூடுங்கள்

இப்போதுதான் தண்ணீருக்கு வருகிறோம். அதற்கு முன் பிளாஸ்டிக் பைகளும் ரப்பர் பேண்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். டைனமோ, செல்ஃப் மோட்டார், ஃப்யூஸ் பெட்டி, டீசல் பம்ப், வயர்கள் கூடுகிற பிளக் இணைப்புகள், இவை எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள். சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். ஆயில் ஊற்றும் மூடியும் ஆயில் அளவு பார்க்கும் குச்சியும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் டேங்க் மூடியில் காற்றுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அதை மறந்தால் டேங்க்குக்குள் தண்ணீர் போகும்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய். அதன் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிட்டால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றை நசுக்குகிற மாதிரி தண்ணீரை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துபோகும். அதற்கு ஆகும் செலவில் ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம்.

எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது அத்தனையும் வந்தாக வேண்டும்.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. அதனால் அந்த அளவுள்ள புதிய வண்டிகளில் டீசலைக் கம்ப்யூட்டர் பெட்டிதான் அளந்து விடுகிறது. எஞ்சினைச் சுற்றி சென்சார்களும் சின்னச் சின்ன பிளக்குகளும் நிறைய இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் மேல்பாகத்தில் தண்ணீரே அடிக்காமல் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வீட்டில் காரோ, சந்தைக்குப் போகிற குட்டியானையோ இருந்தாலும் இதே விதிதான். பெட்ரோல் கார் என்றால் பிளக் குழியில் தண்ணீர் தேங்கினால் எஞ்சின் திக்கும். பேட்டரியிலும் ஓடுகிற கார்களில் ஆரஞ்சு நிற வயர் இருக்கும். அது ஆளைக் கொல்லும் மின்சாரம். அதன் பக்கமே போக வேண்டாம்.

வாட்டர் சர்வீஸ் மெஷினில் எஞ்சினைக் கழுவலாமா என்று பலர் கேட்கிறார்கள். சின்ன மெஷினே சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தத்தில் அடிக்கும். டிராக்டரின் பெரிய டயரில் இருக்கும் காற்று ஏறக்குறைய 1 கிலோதான். ஒப்பிட்டுப் பாருங்கள். பிளக்குகளில் உள்ள ரப்பர் மழைக்குத் தாங்கும், இதற்குத் தாங்காது. டயரையும் மட்காடையும் கேஜ் வீலையும் அதில் கழுவுங்கள், தாராளமாக. எஞ்சினுக்கு வேண்டாம்.

எதைப் போட்டுத் தேய்ப்பது?

வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து கொள்ளுங்கள். அழுக்கான இடத்தில் பிரஷால் தடவி ஐந்து நிமிடம் ஊறட்டும். காய விடாமல் தேய்த்து, குவளையால் ஊற்றியோ பூவாளியாலோ அலசுங்கள். கெட்டியான ஆயில் பிசுக்குக்கு ஆட்டோமொபைல் கடையில் தண்ணீரில் கரைகிற கிளீனர் கிடைக்கிறது. டப்பாவில் சொன்ன அளவைவிட அதிகம் போட்டால் அதிகம் வெளுக்கும் என்பதெல்லாம் இல்லை. சலவை சோடாவையும் காஸ்டிக் சோடாவையும் கிட்டே கொண்டு வராதீர்கள். இன்றைய ரேடியேட்டர்கள் பலவும் அலுமினியம். சோடா அதை அரித்துவிடும்.

பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து, பத்தடி தள்ளி எரியும் அடுப்பிலிருந்துகூடத் தீயை இழுத்துக்கொண்டு வரும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருங்கள். டீசலிலோ ஆயிலிலோ பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும். மணலைக் கொட்டித்தான் அணைக்க வேண்டும்.

கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலையோ கழிவு ஆயிலையோ தெளித்துவிடுகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க ஒரு நாள் புது வண்டி மாதிரி இருக்கும். மறுநாள் களத்துக்குப் போனால் அத்தனை தூசும் அதில்தான் ஒட்டும். ரப்பர் ஹோஸும் ஃபேன் பெல்ட்டும் டீசலில் ஊறி இளகும். தீப்பிடிக்கவும் தோது. கழுவிய பலன் அத்தனையும் அதோடு போச்சு.

இந்த அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் மாட்டுத் தொட்டிப் பக்கமும் வண்டியைக் கழுவாதீர்கள். எஞ்சினுக்கு அடியில் உமியோ மரத்தூளோ பரப்பிவிட்டால் ஆயிலை அது இழுத்துக்கொள்ளும். அதை அள்ளி ஒரு சாக்கில் கட்டித் தனியாக வையுங்கள். எருக்குழியில் கொட்ட வேண்டாம். வடித்த பழைய ஆயிலை வாங்கிக்கொள்ள டவுனில் ஆள் இருக்கிறார்கள். கேனில் சேர்த்து வைத்துக் கொடுத்துவிடலாம்.

அலசியாயிற்று. பைகளை எண்ணிக் கழற்றுங்கள், சைலன்சர் டப்பாவையும் சேர்த்து. பனியன் துணியால் ஒற்றி எடுத்து, பானெட்டைத் திறந்தபடி இரண்டு மணி நேரம் வெயிலில் விடுங்கள். அதற்குள் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்பது அழுக்கு இருக்கும்போது தெரியாது, இப்போது தெரியும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீசல் ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பேட்டரியை மாட்டி, பத்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். பெல்ட் கொஞ்ச நேரம் கிறீச்சிடும், ஈரம் காய்ந்தால் நின்றுவிடும். ஓடும்போது துணியைக் கொண்டு போய் எதையும் துடைக்காதீர்கள். ஃபேன் துணியோடு கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

அன்று ராத்திரி எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில். பச்சையோ நீலமோ ரோஸோ என்றால் கூலன்ட். மோந்து பார்த்தால் டீசல் தெரிந்துவிடும். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு என்று நினைக்க வேண்டாம். ஆயில் வழிந்து வந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும். ஈரம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மேலே மேலே போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்து, மெக்கானிக் வரும்போது அட்டையையும் கோட்டையும் காட்டினால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.